செவியும் சுவையும்: ஒலிச் சமநிலை நோக்கில் ஹெட்போன் தேர்வு



கவிதையும் திறனாய்வும் பேசப்படும் அவையில், காதில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், கேட்டல் என்பது தமிழ் மரபில் கற்றலுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்பட்ட செயலாகும். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அச்சு வருவதற்கு முன் பல நூற்றாண்டுகள் கவிதை செவிவழியாகவே வாழ்ந்தது. இன்றோ இசைப்பாடலும் கவிதையும் சொற்பொழிவும் பெரும்பாலோர்க்கு ஹெட்போன் வழியாகவே வந்து சேர்கின்றன. பேருந்தில், படுக்கையில், நடைப்பயிற்சியில் தமிழைச் செவிக்குள் கொண்டு சேர்க்கும் வாயில் அதுவாகவே இருக்கிறது. வாயில் எப்படிப்பட்டது என்பதை அறியாமல், அதன் வழியே வந்த விருந்தினரைக் குறைகூறுவது முறையாகாது. இந்த ஒரு கருத்தை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது நலம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே செய்து பார்த்த கருவியை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. அக்கருவி கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்பதற்குப் பயன்பட்டதேயன்றி இசைக்கு ஆனதன்று. 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்னும் கருவியை வெளியிட்டது. ஒலிபெருக்கியில் உள்ளதுபோன்ற கம்பிச்சுருளும் மென்தகடும் கொண்ட வகையில் அது முன்னோடி. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை இசைக்கென்றே உருவாக்கினார். 1968-இல் சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 414, காதை முற்றிலும் மூடாமல் புறக்காற்றோடு தொடர்புடைய திறந்தவகைக் கருவிக்கு வழிவகுத்தது. 1979 ஜூலை முதல் நாள் ஜப்பானில் சோனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. அன்றுமுதல் இசை, கூடத்திலிருந்தும் திண்ணையிலிருந்தும் நடந்து செல்வோரின் காதுக்கே குடிபெயர்ந்தது. பலர் கூடியிருந்து கேட்டபோது, ஒருவர் கேட்டதை மற்றவரும் கேட்டார். ஐயம் எழுந்தால் அருகிலிருப்பவரைக் கேட்டுத் தெளியலாம். தனித்துக் கேட்பவர்க்கு அந்தச் சான்று இல்லை. அவர்க்குக் கருவி தருவதே இசை. கருவி மறைப்பது இல்லாததே.

இனி, ஒலிச் சமநிலை என்பது யாது என்று காண்போம். நல்ல செவியுடைய இளைஞர் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்க இயலும். 20-ஐ இரட்டித்துக்கொண்டே சென்றால் பத்துப் படிகளில் இந்த எல்லை முடிந்துவிடும். ஒவ்வோர் இரட்டிப்பும் இசையில் ஒரு தாயி. ஆக, மனிதச் செவியின் பரப்பு ஏறத்தாழப் பத்துத் தாயிகளாகும். பழந்தமிழிசையில் குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். அவை பாடும் தாயிகளைக் குறித்த பெயர்கள். இக்காலத்தார் செவியின் முழுப்பரப்பையும் அதேபோல் மூன்றாகப் பகுத்து, கடைகளில் பாஸ், மிட், ட்ரெபிள் என்கின்றனர். இவ்வுரையில் அவற்றைக் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேற்பகுதி எனக் கொள்ளலாம். இம்மூன்றையும் ஒரு ஹெட்போன் எந்த விகிதத்தில் தருகிறதோ அதுவே அதன் ஒலிச் சமநிலை.

ஒரு கச்சேரியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் ஆதார சட்சம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ்; ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார சட்சம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினின் மிகத் தாழ்ந்த தந்தியும் அந்த 196-தான். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் இவற்றினும் கீழே ஒலிப்பது. பியானோவின் மிக உயர்ந்த கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான் என்றால், அதற்கு மேலுள்ள இரண்டு தாயிகளுக்கு மேற்பட்ட பரப்பில் என்ன இருக்கிறது என்னும் வினா எழும். அங்கே இருப்பவை பெரும்பாலும் மேற்சுரங்கள். ஒரே சுரத்தை வீணையும் புல்லாங்குழலும் இசைக்கும்போது, இது வீணை, இது குழல் என்று பிரித்துக் காட்டுவன அவையே. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் சீவநூல், அந்த மேற்சுரங்களை எழுப்புவதற்காகவே வைக்கப்படுவது. மிருதங்க வலந்தலையில் இடப்படும் கரணை, பிற தோற்கருவிகளில் தாறுமாறாக எழும் மேற்சுரங்களை ஒழுங்குபட்ட இசையுறவுக்குள் கொண்டுவருகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அறிவியலறிஞர் சி.வி. இராமன் 1920-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். ஒரு ஹெட்போன் மேற்பகுதியைக் குறைத்துத் தந்தால் சுரம் மாறாது. ஆனால் தம்புராவின் உயிர் மங்கும். கீழ்ப்பகுதியை மிகுத்துத் தந்தால் தாளம் மாறாது. ஆனால் தொப்பியின் ஓசை பாடகரின் சொற்களின்மேல் படிந்துவிடும்.

அவ்வாறாயின், எந்தப் பகுதியையும் கூட்டாமல் குறைக்காமல் நேர்க்கோடாக ஒலி தரும் கருவியைச் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் செவியின் இயல்பு குறுக்கிடுகிறது. செவித்துளையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை செண்டிமீட்டர். ஒருபுறம் மூடிய குழல் தனக்குரிய ஒலியை ஓங்கச் செய்வதுபோல, இத்துளையும் புறச்செவியும் சேர்ந்து 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை இயல்பாகவே உயர்த்திவிடுகின்றன. எதிரில் அமர்ந்து பாடுபவரின் குரல் இவ்வாறு உயர்த்தப்பட்ட நிலையிலேயே செவிப்பறையை அடைகிறது. மூளையும் அதையே இயற்கை எனக் கொண்டுள்ளது. காதின்மேல் நேரே அமரும் ஹெட்போன், தலையும் தோளும் புறச்செவியும் செய்யும் பணிகளில் ஒரு பகுதியைத் தாண்டி வந்துவிடுகிறது. எனவே, அந்த உயர்வைக் கருவியே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. அளவுகோலில் நேர்க்கோடாக நிற்கும் ஹெட்போன் செவியில் மங்கலாக ஒலிப்பதன் காரணம் இதுவே.

எவ்வளவு ஈடுசெய்வது என்பதில் ஆய்வாளரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. 1986-இல் ஜெர்மனியின் குந்தர் தைலே, எத்திசையிலிருந்தும் ஒலி வந்து சூழும் அறையில் செவி பெறும் அளவையே ஹெட்போனுக்கு இலக்காகக் கொள்ளலாம் என்றார். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் வேறு வழியை மேற்கொண்டனர். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கிகள் தரும் ஒலியை அடிப்படையாகக் கொண்டு, கேட்போரை அமர்த்தி, எந்தச் சமநிலை அவர்க்கு உவப்பானது என்று சோதித்தனர். அவர்கள் கண்ட இலக்கு கீழ்ப்பகுதியில் சற்றே உயர்வுடையது. 2018-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. கேட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் அந்த இலக்கை விரும்பினர். எஞ்சியோரில் ஒரு சாரார் கீழ்ப்பகுதி இன்னும் மிகவேண்டும் என்றனர். மற்றொரு சாரார் அது குறையவேண்டும் என்றனர். அளவுகோலின் பயன், கேட்பவரின் சுவை ஆகிய இரண்டின் எல்லைகளையும் இம்முடிவு ஒருசேரக் காட்டுகிறது. பெரும்பாலோர்க்குப் பொதுவான ஒரு சமநிலை உண்டு. ஆனால் அதை விரும்பாதவர் செவியற்றவர் அல்லர்.

விலையைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2017-இல் எரூன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, விலைக்கும் அதிர்வெண் சமநிலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டார். கட்டுமானம், நீடித்த உழைப்பு, அணியும் வசதி ஆகியவற்றுக்கு விலை கொடுக்கலாம். சமநிலையைச் செவியே தேர்ந்தாக வேண்டும்.

இதுவரை கூறியது பொதுநிலை. இனி ஒரு சிறப்புநிலையைக் காண்போம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். யாப்பிலும் இசைப்பாடல்களிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர், அறுபத்தெட்டு அகவை. இக்காலப் பாடகர்கள் மெய்யெழுத்துகளை விழுங்குகின்றனர் என்பது அவர் பல்லாண்டுகளாகக் கூறிவந்த குற்றச்சாட்டு. பாடகர் வாயில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிட்டன என்றும், பழைய தலைமுறையோடு தமிழ் உச்சரிப்பு முடிந்துபோயிற்று என்றும் மேடைதோறும் வருந்துவார். அவருடைய பேத்திக்கு ஒலிப்பதிவுத் துறையில் நாட்டம். நண்பரிடமிருந்து இரண்டு ஹெட்போன்களை இரவலாகப் பெற்று வந்து, “தாத்தா, இரண்டையும் கேட்டுப் பாருங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதையே வாங்கலாம்” என்றாள்.

அவற்றுள் ஒன்று 2003-இல் வெளிவந்த சென்ஹைசர் எச்டி 650; மற்றொன்று பேயர்டைனமிக் டிடி 990. இரண்டும் திறந்தவகையின, இரண்டும் ஒலிப்பதிவாளர்களிடையே நற்பெயர் பெற்றவை. சமநிலையில் மட்டும் இருவேறு குணம். முன்னது நடுப்பகுதியை நிறைவாகத் தரும். மேற்பகுதியைச் சற்றே அடக்கி வாசிக்கும். அடியாழத்து ஓசைகளில் சிறிது குறையும். பின்னது கீழ்ப்பகுதியையும் மேற்பகுதியையும் உயர்த்தி, நடுப்பகுதியைச் சற்றுப் பின்னே நிறுத்தும். 8000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அதன் கூர்மை நன்கு புலப்படும்.

பேத்தி முதலில் கேட்டாள். பின்னதில் ஜாலராவும் கஞ்சிராவின் சலங்கைத் தகடும் மின்னின. ஆனால் அரைமணி நேரத்தில் காது களைத்தது. பாடகரின் சகரம் ஒவ்வொன்றும் ஊசியாகக் குத்தியது. முன்னதில் குரல் அருகே வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. ஆசிரியரின் தீர்ப்போ நேர்மாறாக இருந்தது. முன்னது போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது என்றார். “இதில்தான் அம்மா எனக்கு எழுத்து எழுத்தாகக் கேட்கிறது” என்று பின்னதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரே கருவி ஒருவர்க்குக் குத்துகிறது. மற்றவர்க்கு அதுவே தெளிவு. இதைச் சுவை வேறுபாடு என்று சொல்லி முடித்திருக்கலாம். பேத்தி அவ்வாறு முடிக்கவில்லை.

ஆசிரியர் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பாடல்கள் யாவும் அவர் இளமையிலிருந்தே மனப்பாடமாக அறிந்தவை. அவற்றை முன்னதில் கேட்டபோதும், மங்கலாக இருக்கிறது என்றாரேயன்றிச் சொல் விளங்கவில்லை என்று கூறவில்லை. எனவே பேத்தி, அவர் பெரிதும் மதித்த பழைய பாடகர் ஒருவர் பாடிய, ஆனால் அவர் கேட்டேயிராத ஒரு பாடலைத் தேடி எடுத்து, முன்னதில் ஒலிக்கச்செய்து, கேட்கக் கேட்க எழுதித் தரும்படி வேண்டினாள். முதல் அடியிலேயே ஆசிரியரின் கை நின்றது. இரண்டாம் அடியில் மூன்று சொற்களை விட்டார். தகரம் எது, பகரம் எது என்று தெரியவில்லை. எவருடைய உச்சரிப்பை அவர் நாற்பதாண்டுகள் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகச் சொன்னாரோ, அவரும் மெய்யெழுத்தை விழுங்குவதாகவே கேட்டது.

அடுத்த வாரம் அவர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றார். செவித்திறன் சோதனையின் வரைபடம், கீழ்ப்பகுதியில் இயல்பாகச் சென்று, 2000 ஹெர்ட்ஸைக் கடந்ததும் இரு காதுகளிலும் சரிந்து இறங்கியது. முதுமையில் பலர்க்கும் நேர்வது இது. மேற்பகுதியில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும் இழப்பு. இத்தகையோர்க்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் தங்கியிருப்பதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. வல்லினத்தின் வெடிப்பும் சகரத்தின் உரசலும் மேலே இருப்பதால் அவையே முதலில் உதிர்கின்றன. உயிர் நிற்க மெய் உதிர்வது செவியின் முதுமை எனலாம்.

தமிழுக்கு இதில் தனித்த நட்டம் உண்டு. ரகரம், றகரம், லகரம், ளகரம், ழகரம் ஆகிய ஐந்து ஒலிகளையும் பற்றி ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகெயில் கான் ஆகியோர் 1999-இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். நாவின் வடிவும் அசைவும் அவற்றால் விளையும் ஒலியும் அதில் ஆராயப்பட்டன. நா வளையும்போதும் மடியும்போதும் வாய்க்குள் உண்டாகும் இரண்டாம், மூன்றாம் ஒத்ததிர்வுகளின் இடம் மாறுகிறது. லகர, ளகர, ழகரங்களைச் செவி பிரித்தறிவது பெரிதும் இம்மாற்றத்தைக் கொண்டே. அவை ஏறத்தாழ 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் நிகழ்பவை. நடுப்பகுதியின் இந்த மேல்விளிம்பை ஒரு ஹெட்போன் பின்னே தள்ளினாலோ, செவியே அதை இழந்தாலோ, வாழை வாளையாகும், பள்ளி பல்லியாகும். பாடகர் சரியாகவே பாடியிருப்பார். கவிஞர் சரியாகவே எழுதியிருப்பார். இடையில் நின்ற வாயில் அதை மறித்திருக்கும்.

ஆசிரியரை நெடுநேரம் சிந்திக்கவைத்தது செவித்திறன் சோதனையின் முடிவன்று; அறிந்த பாட்டுக்கும் அறியாத பாட்டுக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடுதான். அறிந்த பாட்டில் உதிர்ந்த மெய்களை நினைவு எடுத்துக் கோத்துக் கொடுத்துவிடுகிறது. எனவே பழைய பாடல்கள் யாவும் தெளிவாகக் கேட்டன. புதிய பாடல்களில் அந்த உதவி இல்லை. எனவே புதியோர் யாவரும் விழுங்குவோர் ஆயினர். பழையவரைப் பாராட்டியதில் பாதி தம் நினைவுக்குச் செய்த பாராட்டு என்றும், புதியவரைக் கடிந்ததில் பாதி தம் செவியின்மேல் சாரவேண்டிய கடிதல் என்றும் அவர் பேத்தியிடம் கூறினார். இக்காலப் பாடகருள் உச்சரிப்புப் பிழை செய்வோர் இல்லை என்பது இதன் பொருளன்று, உண்டு. ஆனால் யார் பிழை செய்கிறார், யார் செய்யவில்லை என்று பிரித்துச் சொல்லும் தகுதியை அவர் செவி எப்போதோ இழந்திருந்தது. அதை உணராமலே அவர் தீர்ப்பு வழங்கிவந்தார்.

இந்நிகழ்ச்சி ஹெட்போன் தேர்வுக்குத் தரும் பாடங்கள் சில.

முதலாவது, அறிந்த பாடலும் வேண்டும், அறியாத பாடலும் வேண்டும். நன்கு பழகிய பாடலைக் கொண்டு சோதிக்கவேண்டும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. குரலின் இயல்பு, வீணையின் நாதம், மிருதங்கத்தின் இருபக்க ஓசை ஆகியவற்றை ஒப்பிட அது சரியான முறையே. ஆனால் சொல் விளங்குகிறதா என்று அறிய அது உதவாது. அங்கே நினைவு சாட்சி சொல்ல வந்துவிடும். சொல்லுக்கு, முன்பின் கேட்டிராத பாடலே உரைகல்.

இரண்டாவது, ஒலியளவைச் சமமாக்கிய பின்னரே ஒப்பிடவேண்டும். தாழ்ந்த ஒலியளவில் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் செவிக்குக் குறைவாகவே எட்டுகின்றன. ஒலி கூடக்கூட அவை நிறைந்து வருகின்றன. இதை 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் வரைகோடுகளாக வெளியிட்டனர். ஆதலால், இரண்டனுள் சற்றே உரக்க ஒலிப்பது நிறைவுடையதாகத் தோன்றும். அது கருவியின் சிறப்பன்று. கைப்பிடியைத் திருகியதன் விளைவு.

மூன்றாவது, விரைந்து முடிவு செய்யலாகாது. கடையில் ஐந்து நிமிடம் கேட்பவரை மின்னும் மேற்பகுதியும் அதிரும் கீழ்ப்பகுதியும் எளிதில் கவரும். அரங்கில் ஒருமுறை கேட்டதும் கைதட்டல் பெறும் வரிகளைப் போன்றது அது. வீட்டில் ஒரு மணிநேரம் கேட்டபின் நிற்பது எது என்று பார்க்கவேண்டும். செவி எதற்கும் பழகிக்கொள்ளும் என்பதால், ஒன்றைக் கேட்டு உடனே மற்றொன்றை மாட்டினால் இரண்டாவது குறையுடையதாகவே தோன்றும். மறுநாள் முறைமாற்றிக் கேட்பது நல்லது. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதை அணிந்தபடியே சோதிக்கவேண்டும். மூடியவகைக் கருவியில் கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளி வழியே கீழ்ப்பகுதி ஒழுகிப்போகும்.

நான்காவது, கேட்கும் இசைக்கு ஏற்பத் தேர்வு மாறும். மின்முறைப் பதிவு பரவிய 1925-க்கு முன், பாடகர் பெருங்குழலின் முன்னே நின்று பாடிப் பதிவான இசைத்தட்டுகளில் உள்ள இசை சில நூறு ஹெர்ட்ஸில் தொடங்கி இரண்டு மூவாயிரத்தில் முடிந்துவிடும். கோயம்புத்தூர் தாயி போன்றோரின் அக்காலப் பதிவுகளைக் கேட்க விரும்புவோர்க்கு மேற்பகுதி மிக்க கருவி, தட்டின் கீறலொலியை மட்டுமே கூட்டித் தரும். அவர்க்கு நடுப்பகுதி செம்மையான கருவியே துணை. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிதார் தனக்கென ஒரு மெட்டுப் பாடிச் செல்வதை நுகர விரும்புவோர்க்கு, அதன் அடித்தந்தியின் 41 ஹெர்ட்ஸ் வரை தளராமல் இறங்கும் கருவி வேண்டும். 1992-இல் வெளிவந்த ரோஜா முதலாக ஏ.ஆர். ரகுமான் தந்த பாடல்களில் அடியாழமும் மேல்மின்னலும் இசையமைப்பின் உறுப்புகளாகவே அமைந்தன. அவற்றைக் குறைத்துத் தரும் கருவி பாடலின் ஒரு பகுதியைத் தராமல் விடுகிறது. நாகசுரமும் தவிலும் திறந்தவெளிக்கென அமைந்தவை. மேற்சுரங்கள் இயல்பிலேயே மிக்கவை. அவற்றை மேலும் கூர்மையாக்கும் கருவி நெடுநேரத்துக்கு ஆகாது. கவிதை வாசிப்பையும் சொற்பொழிவையும் மட்டுமே கேட்போர்க்கு அடியாழம் பெரிதன்று, நடுப்பகுதியே யாவும்.

ஐந்தாவது, ஒலியை உயர்த்தித் தெளிவைத் தேடலாகாது. வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணிநேரம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான எல்லை. 90 டெசிபெல்லுக்கு உயர்த்தினால் அது வாரத்துக்கு 4 மணிநேரமாகச் சுருங்கிவிடும். சொல் விளங்கவில்லை என்று ஒலியைக் கூட்டுபவர், எஞ்சியுள்ள செவியையும் செலவிடுகிறார். இருக்கும் சமநிலையில் சிறு மாற்றம் வேண்டுவோர்க்கு, கைப்பேசியிலும் கணினியிலும் பகுதிவாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் உண்டு. ஒலியளவைக் குறைத்துக்கொண்டு, தேவையான பகுதியை மட்டும் சற்றே உயர்த்துவது அறிவுடைமை.

அந்த ஆசிரியர் இறுதியில் எதைத் தேர்ந்தார் என்னும் வினா எழலாம். மருத்துவர் பரிந்துரைத்த செவித்துணைக் கருவியை அன்றாடப் பேச்சுக்கு அணியத் தொடங்கினார். இசை கேட்பதற்கு, பேத்திக்குக் குத்திய அந்த இரண்டாவது கருவியையே தம் செவிக்கு ஏற்றதென்று வைத்துக்கொண்டு, ஒலியைக் குறைத்துக் கேட்டார். பேத்தி முதலாவதை விரும்பினாள். இருவரும் தமக்கு ஏற்றதையே தேர்ந்தனர். ஆனால் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. புதிய பாடகர் ஒருவரின் பாடலைப் பற்றி யாரேனும் கருத்துக் கேட்டால், பேத்தியை அழைத்து எதிரே அமர்த்தி, சொற்களை எழுதச் சொல்லி, அதைத் தாம் கேட்டதோடு ஒப்பிட்ட பின்னரே அவர் பேசலானார். சிலர் பிழை செய்வதாக இன்றும் கூறுகிறார். பெயர் சுட்டி, சொல் சுட்டி, எழுத்துச் சுட்டிக் கூறுகிறார். அவருடைய குற்றச்சாட்டுகள் எண்ணிக்கையில் குறைந்தன, உறுதியில் மிகுந்தன.

ஒரு படைப்பைப் பற்றிய தீர்ப்பு நான்கு இடங்களைக் கடந்து வருகிறது. படைத்தவர், பதிவு, கருவி, செவி என்பன அவை. குறை காணும்போது அது இந்நான்கனுள் எங்கே தோன்றியது என்று ஆராய்வது திறனாய்வாளர் கடன். கருவியின் சமநிலையை அறிந்து தேர்வது அவ்வாராய்ச்சியின் எளிய தொடக்கம். தம் செவியின் சமநிலையை அறிவது அதன் கடினமான பகுதி. கவிஞர்களும் திறனாய்வாளர்களும் ஒருவரையொருவர் கேட்டுவரும் இவ்வட்டத்தில் மாற்றுச் செவிகளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் செவிக்கு எட்டாததை மற்றவர் கேட்டுச் சொல்ல இயலும் என்பதே கூடிக் கேட்பதன் பயன்.

செவியின் பரப்பு பத்துத் தாயி. இவ்வட்டத்தின் அகவையும் பத்து. கீழும் நடுவும் மேலும் ஒன்றையொன்று அமுக்காமல் ஒலிக்கும் அவையாக இது தொடர்ந்து வளர்க.